ஒரு ‘ஆமாங்க’வும் தொண்ணூறு ஆடுகளும்

போன ஐப்பசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன சிவன் கோயில். வாசலில் புதிதாக ஒரு வளைவு, வளைவின் மேல் கத்தியோடு ராஜராஜன், பக்கத்தில் சிரித்த முகத்தோடு உபயதாரர்கள். படத்துக்குக் கீழே நீளமாக ஒரு செய்தி. மாமன்னர் ராஜராஜ சோழன் கட்டிய ஆலயமாம். இங்குள்ள கல்வெட்டைக் கல்லூரி மாணவர்கள் படித்து உறுதிப்படுத்தியிருக்கிறார்களாம். தமிழனாக இருந்தால் பகிர வேண்டுமாம். சித்தப்பா எனக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: “நீ படிச்ச படிப்பாச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

தெரியும் சித்தப்பா. அந்தக் கல்லூரி மாணவர்களில் நானும் ஒருவன். உறுதிப்படுத்தியவனே நான்தான். அதற்காக நான் செய்த ஆய்வு ஒரே ஒரு சொல்: “ஆமாங்க.”

குழுவில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ‘ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கண்டே’ என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நாலைந்து பதில் எப்போதும் தயாராக இருக்கும். கல்யாண வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, கொஞ்சம் மரியாதையாகக் கேட்பவர்களுக்கு ஒன்று. இந்தக் கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்று வருடப் படிப்பில் எனக்கு உண்மையில் நடந்தது இது ஒன்றுதானோ என்ற சந்தேகம் கொஞ்ச நாளாகவே இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கணக்கு இல்லாத பாடம்

பி.ஏ. வரலாறு நான் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. 2008இல் அரசு கலைக் கல்லூரி ஒன்றின் கலந்தாய்வுக்கு அம்மாவோடு போயிருந்தேன். எங்கள் முறை வருவதற்குள் பி.காம். நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் என் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு தலைவைத்துப் படுக்க முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, “ஹிஸ்டரி இருக்கு, எகனாமிக்ஸ் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது” என்றார். கணக்கு இல்லாதது எது என்று கேட்டேன். அப்படித்தான் வரலாற்று மாணவன் ஆனேன். (பிற்பாடு பார்த்தால் கல்வெட்டு முழுக்கக் கணக்குதான். கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி, உரி, உழக்கு என்று பிராணனை வாங்கிவிட்டது.)

வகுப்பில் அறுபது பேர். ஏறக்குறைய எல்லோருமே என்னைப் போல ஒதுங்கியவர்கள். பாதிப் பேர் முதல் வருடத்திலிருந்தே போலீஸ் தேர்வுக்கும் குரூப் 4க்கும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வரலாறு கொஞ்சம் உதவியும் செய்தது என்பதால், நாங்கள் மற்றத் துறைக்காரர்களிடம் அவ்வளவாகத் தலைகுனியவில்லை. நாங்கள் கற்றது விடை எழுதும் கலை. பத்து மதிப்பெண் கேள்வி என்றால் நாலு பக்கம். முன்னுரை, ஏழெட்டு உட்தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மையால் அடிக்கோடு, முடிவுரை. முடிவுரையில் ‘பொற்காலம்’ என்ற சொல் வந்தால் நல்லது. குப்தர் காலம் பொற்காலம், சோழர் காலம் பொற்காலம், ஷாஜகான் காலமும் பொற்காலம். ‘இவ்வளவு தங்கம் எங்கேடா போச்சு’ என்று கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்பான்.

உத்திரமேரூர் குடவோலை முறை எங்களுக்குக் கிட்டத்தட்ட காப்பீடு மாதிரி. எந்தப் பருவத்திலும் அது வராமல் போகாது. பராந்தகன் காலம், 919, 921, முப்பது குடும்பு (ஊரின் பகுதிகள்), பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்குவது, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘எனவே சோழர் காலத்தில் மக்களாட்சி தழைத்தோங்கியது’ என்று முடிப்போம். வகுப்பில் இருந்த அறுபது பேரில் அந்தத் தேர்தலில் நிற்கத் தகுதி உள்ளவன் ஒருவன்கூடக் கிடையாது. நிலம் இல்லை, வேதமும் இல்லை. அந்த வரிக்கும் இந்த வரிக்கும் இடையே இருந்த பள்ளம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நானும் எழுதினேன், எட்டு மதிப்பெண் வாங்கினேன்.

மூன்றாம் வருடம் விருப்பப் பாடமாகக் கல்வெட்டியல் வந்தது. அதை எடுத்த ஆசிரியர் நோட்ஸ் சொல்லமாட்டார் என்பதால் அவர்மேல் எல்லோருக்கும் கோபம். முதல் நாளே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலிருந்து பெயர் படிக்க ஆரம்பித்தார். ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடிவைத்தான் என்பது எங்கள் கைடில் ஒரு வரி. சார் அந்த ஒரு வரியைப் பிரித்தார். தெரு, சிறகு (தெருவின் ஒரு பக்க வரிசை), வீடு, வந்த கோயில், பெயர், பங்கு. தலை வீடு, திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தி பெயர் எடுத்தபாதம். ஒரு பங்குக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். நாற்பது பெயர் போல ஒரே தொனியில், வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி வாசித்தார். பின்னால் யாரோ விளையாட்டாக ‘உள்ளேன் ஐயா’ என்றான். சார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசித்தார். எனக்கு ஏனோ அன்று கையெல்லாம் சில்லிட்டது.

மைப்படி

2010 செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டைத் தஞ்சாவூரில் கொண்டாடினார்கள். அஞ்சல் தலை, 5 ரூபாய் நாணயம் எல்லாம் வெளியிட்டார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்குச் சோழ நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராஜராஜன்தான். டீக்கடை, டிராக்டர், ஜாதிச் சங்கத்துப் பலகை, எல்லாவற்றிலும் அவர் முகம். (அவர் முகம் எப்படி இருக்கும் என்று எவருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.) அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோதுதான், 2011 தைப் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, சார் எங்களில் பதினோரு பேரை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

கோயில் சின்னது. கருவறை, முன்னால் ஓர் அர்த்த மண்டபம், அவ்வளவுதான். கருவறையின் தென்புறம், அடித்தளத்தில் முப்பட்டைக் குமுதத்தின் மேல், அதாவது மூன்று பட்டையாகச் செதுக்கிய கல் வரிசையின் மேல், நாலு வரி எழுத்து ஓடியது. படி எடுப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கம்பி பிரஷைத் தொடக்கூடாது என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார். தண்ணீர் விட்டு, தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்தோம். பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பாக ஒழுகின. தாளை ஒரு தாம்பாளத் தண்ணீரில் நனைத்து, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, கல்லின்மேல் ஒட்ட வேண்டும். பிறகு கெட்டி மயிர் வைத்த பிரஷால் தட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். ரொம்பத் தட்டினால் கிழியும், குறைவாகத் தட்டினால் எழுத்து விழாது. தாள் அரை ஈரமாக இருக்கும்போது துணிப் பொட்டலத்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும்.

முதலில் எனக்குத் தெரிந்தது வெறும் கீறல்கள். புள்ளி கிடையாது, எகரமா ஏகாரமா என்று நாம்தான் யூகிக்க வேண்டும், காலா ரகரமா என்பதும் அப்படியே. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். மை ஏற ஏற, கீறலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’. அடுத்தது ‘கோப்பரகேசரிபன்மற்கு யாண்டு’. ஆண்டு இருந்த இடத்தில் கல் பொரிந்திருந்தது. அப்புறம் நடுவில் சுண்ணாம்பு அடைத்த பகுதி, அதைத் தாண்டி ‘நொந்தாவிளக்கு’, அதைத் தாண்டி ‘சாவாமூவாப்பெராடு ௯௰’. ஒன்பது, பத்து. தொண்ணூறு. விரல் நுனியெல்லாம் மையோடு, அதைச் சத்தம் போட்டுப் படித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே படித்த முதல் வரி அது.

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர், கோயில் காரியம் பார்ப்பவர், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர், இரண்டு மூன்று பிள்ளைகள். காலையில் எங்களுக்குப் பொங்கலும் காபியும் கொடுத்தது அவர் வீட்டிலிருந்துதான். சார் அப்போது தெருமுனைக்கு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, போன் பேசப் போயிருந்தார். பெரியவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாளைத் தொடாமல் விரலால் காட்டினார்.

“தம்பி, இது ராஜராஜன் கட்டினதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அதத்தான இதுல எழுதிருக்கு?”

எனக்குத் தெரியும். அதுதான் விஷயமே. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொள்வார்கள்; அப்பன் ராஜகேசரி என்றால் அடுத்து வருபவன் பரகேசரி. ராஜராஜன் ராஜகேசரி. கண்முன்னால் இருந்தது பரகேசரி. இதைப் போன மாதம்தான் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருந்தேன். வரலாற்று வரைவியல் தாளில் அகத்திறனாய்வு, புறத்திறனாய்வு என்று, ஒரு சான்றை எப்படிச் சோதிப்பது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியவனும் நான்தான். எல்லாம் தெரிந்துகொண்டே, அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன். மூன்று வருடமாக ‘ஹிஸ்டரியா?’ என்று இழுத்துக் கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது பத்துப் பேர் போல ஒரு கோயில் வாசலில், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் படிப்புக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்பும் கூடியதில்லை, பின்பும் கூடவில்லை.

“ஆமாங்க” என்றேன்.

பெரியவர் எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சந்நிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மதியம் எங்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு.

திரும்பி வந்த பஸ்ஸில்

சார் காதுக்கு அது எப்படியோ போய்விட்டது. பஸ்ஸில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுருட்டி வைத்திருந்த தாளைத் தொட்டுக்கொண்டு, முதல் வரியை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“யாரு பட்டம்?”

பேசாமல் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கரும்பு போய்க்கொண்டிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. ரொம்பச் சாதாரணமாக, வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோலப் பேசினார். எழுத்தின் அமைப்பைப் பார்த்தால் பத்தாம் நூற்றாண்டு. ராஜேந்திரனும் பரகேசரிதான், ஆனால் அவன் எழுத்து இப்படி இருக்காது, ‘திருமன்னி வளர’ என்று மெய்க்கீர்த்தியும், அதாவது அரசன் புகழைச் சொல்லும் முன்வரிகளும், சேர்ந்து வரும். அப்படியென்றால் அதற்கு முந்திய பரகேசரிகளில் ஒருவன். பராந்தகனா, உத்தம சோழனா, நடுவில் வந்து போன வேறு யாராவதா என்று இந்த நாலு வரியை வைத்துச் சொல்ல முடியாது. எவனாக இருந்தாலும், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். அந்தக் கல் அந்த இடத்திலேயே இருந்த கல் என்றால், ராஜராஜன் அரியணை ஏறுவதற்கு முன்பே அங்கே கோயில் இருந்திருக்கிறது, விளக்கு எரிந்திருக்கிறது.

“அந்த ஊர்க்காரங்க கோயிலுக்கு நீ வயசக் கொறச்சுட்டு வந்துட்டே.”

அதுவரை நான் ஊரைச் சந்தோஷப்படுத்த ஒரு சின்னப் பொய் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் என்பதைவிட, அது நஷ்டக் கணக்கு என்பது சுருக்கென்று இருந்தது. சார் கொஞ்ச நேரம் சும்மா வந்தார். பிறகு, “கட்டினது யாருன்னு கேட்டா தெரியலன்னு சொல்லலாம். ஆடு இருக்குல்ல? ஆட்டப் பத்தியாச்சும் சொல்லிருக்கலாம்ல?” என்றார். லால்குடியில் பஸ் நின்றதும் இறங்கி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான். யாரோ ஒருவர் (பெயர் சுண்ணாம்புக்குள் இருக்கிறது) அந்தக் கோயிலில் ஓயாமல் எரிகிற ஒரு விளக்குக்காகத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறார். ஆடுகளை ஒரு மன்றாடி, அதாவது இடையர், வாங்கிக்கொள்வார். மேய்ப்பதும் குட்டியும் மிச்சப் பாலும் அவர் பாடு. அதற்கு ஈடாக நிசதம், தினமும், ஓர் உழக்கு நெய் அவர் கோயிலுக்கு அளக்க வேண்டும். நாழியில் கால்வாசி. ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் கணக்கில் எப்போதும் தொண்ணூறு இருந்தாக வேண்டும். செத்ததற்குக் குட்டி ஈடு. அதனால் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள். சாவா மூவாப் பேராடு. எத்தனை நாளைக்கு? சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இன்றைக்கு வங்கியில் நிரந்தர வைப்பு என்று சொல்வதைப் பத்தாம் நூற்றாண்டில் மே, மே என்று கத்தவிட்டு மேய்த்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலேயே ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு இருக்கிறது. இப்படி ஆடு விட்ட கல்வெட்டுகள் சோழ நாடு முழுக்கக் கிடக்கின்றன. எந்த ராஜாவும் ஒரு இரவும் கண் விழித்து அந்த விளக்கைப் பார்த்திருக்கப் போவதில்லை. நெய் அளந்தவரின் பேரப்பிள்ளைகள் அளந்திருப்பார்கள்.

பட்டம் வாங்கினேன். இரண்டு முறை முட்டி மோதி குரூப் 4 தேறி, இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருக்கிறேன். யாராவது “அதெல்லாம் அப்படித்தான் சார் இருக்கு” என்று சொன்னால், “எங்க, எடுத்துக் காட்டுங்க” என்று கேட்கும் வியாதி எனக்கு உண்டு. அலுவலகத்தில் இதற்காக என்னை ஒருவருக்கும் பிடிக்காது. கூடப் படித்தவர்களில் மூன்று பேர் போலீஸ், ஒருத்தி பி.எட். முடித்து டெட் எழுதிக்கொண்டே இருக்கிறாள், ‘தங்கம் எங்கேடா’ என்றவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சார் ஓய்வு பெற்றுவிட்டார்.

சித்தப்பாவின் செய்தி வந்த இரவு, கல்வெட்டுத் துறையின் பழைய ஆண்டறிக்கைகளை இணையத்தில் தேடி உட்கார்ந்தேன். 1886இல் ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாண அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த பிறகு தொடங்கிய வேலை. ஊர் ஊராகப் போய்ப் படி எடுத்து, ஒரு கல்வெட்டுக்கு இரண்டு மூன்று வரியில் சுருக்கம் எழுதி, எண் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் கோயிலும் இருந்தது. நூறு வருடத்துக்கு முன்பே யாரோ அதே குமுதத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதே பொரிந்த இடத்தில் தடுமாறி, படித்துவிட்டுப் போயிருக்கிறார். பரகேசரிவர்மன், ஆண்டு சிதைந்தது, ஒரு விளக்குக்கு 90 ஆடு. ஆங்கிலத்தில் அவ்வளவுதான். என் ஆமாங்கவைப் பொய் என்று நிரூபிக்கும் காகிதம், நான் அதைச் சொல்வதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்திருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. அதுதான் அன்று என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வளைவு படத்தில் இருந்ததைவிடப் பெரியது. குடமுழுக்குக்காகப் பிராகாரத்தை மேடாக்கி டைல்ஸ் போட்டிருந்தார்கள். தென்புறம் போய்க் குனிந்து பார்த்தேன். குமுதத்தின் பாதி தரைக்குள் போய்விட்டது. நாலு வரியில் மேல் வரி மட்டும் தெரிந்தது, அதிலும் பெயிண்ட். ‘கோப்பர’ வரைக்கும் விரலால் தடவிப் படிக்க முடிந்தது.

பெரியவர் இருந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். “நீங்கதான தம்பி அன்னைக்கிப் படிச்சுச் சொன்னீங்க! உங்க புண்ணியத்துல இன்னைக்கி கூட்டம் வருது” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தொண்டை அடைத்தது. கடைசியில், “ஐயா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அதுல ராஜராஜன் பேரு இல்ல. கோயில் அவருக்கும் முந்தினது” என்றேன்.

அவர் வளைவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை.

“அப்ப என்னதான் எழுதிருக்கு?”

“ஒரு விளக்குக்கு ஆடு விட்டிருக்காங்க.”

“எத்தன?”

“தொண்ணூறு.”

“தொண்ணூறா!” பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப இந்த ஊர்ல மொத்தமாச் சேத்தாலும் தொண்ணூறு தேறாதே தம்பி.” சொல்லிவிட்டு, கீழத்தெருவில் யார் வீட்டில் எத்தனை, வாய்க்கால் கரையில் பட்டி போட்டிருப்பவரிடம் எத்தனை என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நாற்பத்து மூன்றில் நின்றார். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டு, மேலத்தெருவில் யாரோ போன வாரம் சந்தையில் குட்டி வாங்கினார்களே, எத்தனை என்று கேட்டார்.